தொண்டையின் ஓய்வுநாள்

இரண்டாம் மணி அடித்துவிட்டது, நான் எங்கும் ஓடவில்லை. கால் மட்டும் ஓடுகிறது. பெஞ்சுக்கடியில் தானாகத் தாளம் போட்டுக்கொண்டு, அங்கி எங்கே, பாட்டு எண்களைப் பலகையில் மாட்டியாகிவிட்டதா, மைக் வேலை செய்கிறதா, உபதேசியார் வந்தாரா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறது. அதற்குச் சொல்கிறேன்: இது நம்முடைய கோயில் அல்ல, இங்கே நாம் யாருமில்லை, சும்மா இரு. ஆண்கள் பக்கம், கடைசிக்கு முந்தின பெஞ்சு, தூணுக்குப் பின்னால். தூணுக்குப் பின்னால் உட்காருகிறவர்களை நான் பீடத்திலிருந்து எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறேன்! ஆண்டவருக்கு ஒளிந்து உட்காருகிறீர்களா, எனக்கு ஒளிந்தா என்று கேட்பேன், எல்லோரும் சிரிப்பார்கள், தூணுக்குப் பின்னாலிருப்பவர்களும் சிரிப்பார்கள். இங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, காற்று இங்கேதான் வருகிறது. ஜன்னல் வழியாக மலை தெரிகிறது, மலைமேல் ஒரு மேகம் எந்த வேலையும் இல்லாமல் நிற்கிறது. பழைய காலத்துச் சபைகளில் பெஞ்சே கிடையாது, நின்றுகொண்டேதான் ஆராதித்தார்கள், பெஞ்சு வந்த பிறகுதான் பிரசங்கம் நீண்டது என்பது என் சொந்த ஆராய்ச்சி, குருமார் கூட்டத்தில் ஒருமுறை சொன்னேன், யாரும் ரசிக்கவில்லை. அங்கே, பெண்கள் பக்கத்திலிருந்து பியூலா பார்க்கிறாள். என் மனைவி. வாயை மூடு என்பதை வாயைத் திறக்காமல் சொல்லத் தெரிந்தவள். மூடித்தான் இருக்கிறேன், பியூலா. மூடித்தான் பல நாளாகிறது.

காய்ப்பு என்றார் அந்த டாக்டரம்மா. மண்வெட்டி பிடிக்கிறவர் உள்ளங்கையில் காய்க்கிற மாதிரி உங்கள் குரல்நாணில் காய்த்திருக்கிறது என்று சொல்லி, மூக்கு வழியாக ஒரு கறுப்புக் குழாயை இறக்கித் திரையில் காட்டினார். வெளிறிப்போன இரண்டு சின்னச் சவ்வுகள், மீன் செவுளை விரித்தது போல, ஈரமாக நடுங்கிக்கொண்டிருந்தன. தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து நான் கூறிய ஆசீர்வாதமெல்லாம் இந்த வாசல் வழியாகவா வந்தது என்று வெட்கமாக இருந்தது, யாரோ என்னைத் துணியில்லாமல் பார்த்துவிட்ட மாதிரி. பேசக்கூடாது, பாடக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் மோசம் என்றார். பியூலா கேட்டாள், "ஜெபம் பண்ணலாமா?" "மனசுக்குள்ள பண்ணட்டும்." "அவருக்கு அது பழக்கமில்ல டாக்டர்." இரண்டு பெண்களும் சிரித்தார்கள், நான் சிரிக்கவும் கூடாது. பிறகு டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு, மீறிப் பேசினால் காய்ப்பு கெட்டிப்படும், அப்புறம் கத்திதான், கத்தி வைத்தாலும் பழைய குரல் வரும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன் என்றார். அதனால்தான் பியூலா ஊரைவிட்டே கிளப்பி, மலையடிவாரத்தில் தன் தம்பி வீட்டுக்கு என்னைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். நான் போதகராயிருக்கிற சேகரத்தில் இருந்தால் யாராவது கதவைத் தட்டுவார்கள், நான் வாயைத் திறந்துவிடுவேன். அவள் சொல்வது சரி. ஆனாலும் கதவு இங்கேயும் தட்டப்பட்டுவிட்டது. நேற்றுச் சாயங்காலம் சபைக் கமிட்டிச் செயலாளர் கிருபாகரன் அவள் போனுக்குப் பேசினார், அவள் ஒலிபெருக்கியில் போட்டாள். எங்கள் சபைகளில் போதகர் என்றால் ஐயர்தான். "அம்மா, வார ஞாயிறு பிரதிஷ்டைப் பண்டிகை. ஐயரு பிரசங்கம் பண்ண வேண்டாம். ஆசீர்வாதம் மட்டும் கூறட்டும். ரெண்டு வரிம்மா. ரெண்டு வரிக்கு என்ன ஆயிரப் போவுது? நம்ம ஐயரு குரல் இல்லாம அசனச் சோறு எறங்குமா? நாளைக்குக் கோயில் முடிஞ்சதும் சொல்லுங்க, நோட்டீஸ் அச்சுக்குப் போவணும்." குரல் இல்லாமல் சபை விருந்துச் சோறு இறங்காதாம். அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று பூனைக்குட்டி மாதிரி முதுகை வளைத்துக் கொடுத்தது. ராத்திரியே முடிவு செய்துவிட்டேன், பியூலாவுக்குத் தெரியாது. இன்றைக்கு எல்லோரும் உரக்கப் பாடும்போது அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரே ஒரு அடியை, மிக மெல்ல, விட்டுப் பார்ப்பது. வந்தால் போவது. வராவிட்டால், வராவிட்டால் என்ன என்பதை யோசிக்கவில்லை, யோசனை அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மலைப்பாதை வண்டி மாதிரி வளைந்து வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

ஆர்கன் தொடங்கிவிட்டது, எல்லோரும் எழுந்திருக்கிறார்கள், எனக்குத் தெரிந்த பாட்டு, எனக்குத் தெரியாத பாட்டு எது. இதோ மூச்சு இழுக்கிறேன், வயிற்றிலிருந்து, செமினரியில் சொல்லித்தந்த மாதிரி. அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் பெஞ்சுக்குள் நுழைகிறார், கட்டம் போட்ட சட்டை, தோளில் துண்டு, தேங்காய் எண்ணெய் வைத்து வாரிய நரைத்த தலை. "உள்ள தள்ளி, உள்ள தள்ளி, சன்னலோரம் நம்ம எடம்" என்கிறார், ஆராதனை நடக்கிறதென்ற கூச்சமே இல்லாமல். தள்ளினேன். "ஊருக்குப் புதுசா? யாரு வீட்டுக்கு வந்திருக்கீய?" நான் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். அவர் என்னைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், முகம் அப்படியே கரைந்தது. "அட ஆண்டவரே. பேச்சு வராதா?" தலையசைத்தேன், உண்மைதானே. வாய் பேசாதவனுக்குக் காதும் கேட்காது என்பது அவர் முடிவு, அதற்கு மேல் விசாரணை கிடையாது. என் காதருகே வந்து, காது கேட்காதவனுக்குக் கத்துகிற கத்தலில், "எம் பேரு தவமணி! கண்டக்டரா இருந்து ரிட்டையர்டு!" என்றார். முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பினார்கள். பிறகு பாட்டுப் புத்தகத்தை விரித்து, இப்போது எந்த அடி போகிறது என்று எனக்குத் தெரியவேண்டுமே என்று, விரலால் ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டுக்கொண்டே போனார், விரலில் மை படிந்த பழைய கோடுகள், நகம் தேய்ந்த கட்டைவிரல். அந்த விரலின் பின்னாலேயே என் கண்ணும், சத்தமில்லாமல் உதடும் போயின, கடைசி அடியும் முடிந்துவிட்டது. பரவாயில்லை. இன்னும் பாட்டு இருக்கிறது.

பாவ அறிக்கை. முழங்கால். இதை நான் இத்தனை வருஷம் சொல்லித் தந்திருக்கிறேன் அல்லவா, மற்றவர்கள் திருப்பிச் சொல்லும்போது அடுத்த வேளைக்கான கணக்குகளைப் போட்டிருக்கிறேன். யார் வரவில்லை, அந்தக் குழந்தை ஏன் அழுகிறது, இரண்டாம் விசிறி ஏன் முனகுகிறது. இன்றைக்குக் கணக்கு இல்லை, நானும் ஆண்டவரும் மட்டும், பேசு என்கிறேன் எனக்கு, மனசுக்குள் பேசு. எங்கள் பரம பிதாவே, இந்தக் காலை வேளையிலே உமது சமுகத்திலே கூடிவந்திருக்கிற உமது பிள்ளைகளை நீர் கண்ணோக்கிப் பாரும் என்று வருகிறது. பார்த்தாயா. மைக் குரல். குளியலறையிலும் இப்படித்தான், முந்தாநாள் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கண்ணை மூடினால், இங்கே கூடிவந்திருக்கிற சபையார் ஒவ்வொருவரையும் என்று வருகிறது, அங்கே கூடிவந்திருந்தது நானும் ஒரு பல்லியும். எனக்கு இது வேண்டும், எனக்குப் பயமாயிருக்கிறது என்று ஒரு வாக்கியம் என்னிடம் இல்லை. ஊருக்கெல்லாம் ஜெபம் வைத்திருக்கிறேன், வீடு பிரதிஷ்டைக்கு, புது லாரிக்கு, ஆழ்குழாய்க் கிணற்றுக்கு, பரீட்சை எழுதுகிறவர்களுக்கு, விசா கிடைக்காதவர்களுக்கு. குரல் போன அந்தக் கடைசி நாளில் மட்டும் காலையில் கல்யாணம், மத்தியானம் அடக்கம், கல்லறையிலிருந்து நேராக ஒரு மாவு மில் திறப்பு, அதற்குப் பிறகு சாயங்கால ஆராதனையில் ஞானஸ்நானம். பிள்ளையைக் கையில் வாங்கினேன், தண்ணீரை அள்ளினேன், பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன், அடிபம்பில் தண்ணீர் இல்லாதபோது வருகிற ஒரு சத்தம் வந்தது. மறுபடியும் அழுத்தினேன். அதே சத்தம். தாய் தகப்பனைப் பார்த்தாள், தகப்பன் உபதேசியாரைப் பார்த்தான். பிள்ளை மட்டும் என்னை, ஈர நெற்றியோடு, பெயரில்லாமல், வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிரசங்கம். எல்லோரும் உட்கார்ந்து உடம்பைப் பெஞ்சுக்கு ஏற்ற மாதிரி மடித்துக்கொள்கிறார்கள், இந்தச் சரசரப்பை மேலிருந்து கேட்டிருக்கிறேன், ஆவல் என்று நினைத்திருந்தேன். இந்தச் சபை ஐயர் சின்ன வயசு, கழுத்துப் பட்டை இன்னும் புதுசாக விறைத்து நிற்கிறது. கடலில் புயலடித்தபோது ஆண்டவர் படகில் தூங்கிக்கொண்டிருந்த சம்பவத்தை எடுத்திருக்கிறார். நல்லது, இது எனக்கு உள்ளங்கை மாதிரி. முதலாவது, புயல் வரும். இரண்டாவது, என்று அவர் போகிறார், எங்கே போவாரென்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அங்கேதான் போவேன், புயலுக்கு, அலைக்கு, அதட்டலுக்கு, அமைதிக்கு. தவமணி என் பக்கம் சாய்ந்தார். காது கேட்காதவனிடம் ரகசியம் பேசுவதில் ஒரு வசதி இருக்கிறது போலும், மெதுவாக, சௌகரியமாகப் பேசினார். "நல்ல பையன்தான். ஆனா இப்பப் பாரும், 'கடைசியாக'ன்னு சொல்லுவாரு. எறங்கலாம்னு துண்டத் தட்டித் தோள்ல போடுவோம். வண்டி நிக்காது." அப்படியா என்று கேட்கமுடியாததால் பீடத்தைப் பார்த்தேன். "போன ஐயரு இன்னும் மோசம். எல்லா ஸ்டாப்புலயும் நிப்பாட்டி நிப்பாட்டி ஊர்க்கதை பேசுவாரு. ஆனா மனுசன் தங்கம்." பிரசங்க பீடத்தில் நின்று கடைசியாக என்று நான் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கு எத்தனை முறை இருக்கும்? இறங்கத் தயாரானவர்களின் துண்டு எத்தனை முறை தோளுக்கும் மடிக்கும் போய்வந்திருக்கும்? தலையணை. இந்த ஐயர் தலையணையை விட்டுவிட்டார். இந்தச் சம்பவத்தைச் சுவிசேஷத்தில் எழுதின மூன்று பேரில் ஒருவர் மட்டும் சொல்கிறார், படகின் பின்பக்கத்தில் ஒரு தலையணை இருந்தது, அதன்மேல் தலைவைத்துத் தூங்கினார் என்று. யாரும் அங்கே நிற்பதில்லை, நானும் நின்றதில்லை. மீன்பிடி படகில் தலையணை எங்கிருந்து வந்தது? சுக்கான் பிடிக்கிறவர் உட்காருகிற தோல் திண்டாக இருக்கலாம் என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும். விஷயம் அதுவல்ல. எதிர்பாராமல் கண்ணயர்ந்துவிடவில்லை அவர், தலையணையைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். தூங்குவது என்று தீர்மானித்துத் தூங்கியிருக்கிறார். ஆகா, இது நல்ல கருத்து, முதலாவது தீர்மானித்த தூக்கம், இரண்டாவது துணிந்த தூக்கம், மூன்றாவது, மூன்றாவதும் த-வரிசையில் தொடங்கவேண்டும், தூய தூக்கம்? வேண்டாம், தூய சரியில்லை. துயரில்லாத் தூக்கம்? ஐயோ. ஓய்வெடு என்று அனுப்பினால் ஓய்விலிருந்து மூன்று தலைப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். சோறு போட்டால் சோற்றை வாயில் வைக்காமல் அதன் செய்முறையை எழுதிக்கொண்டிருக்கிற ஆள் நான்.

கடைசியாக என்றார் ஐயர். தவமணி துண்டைத் தட்டினார். வண்டி நிற்கவில்லை. ஜன்னலில் மேகம் நகர்ந்துவிட்டது, மலை முழுதாகத் தெரிகிறது, அருவி விழுகிற இடம் வெள்ளையாக ஒரு கீறல். நான் இல்லாமல் அங்கே, என் கோயிலில், இந்நேரம் இதே இடத்தில்தான் இருப்பார்கள். பக்கத்துச் சேகரத்து ஐயர் வந்து நடத்துகிறார். எப்படிப் போகிறது என்று பியூலா விசாரித்து எனக்குச் சொன்னாள், எல்லாம் நல்லாப் போகுதாம், கூட்டமும் குறையலையாம், கொஞ்சம் சீக்கிரமே முடிஞ்சிடுதாம். கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கு உடனே தெரிந்தது, சட்னி வேணுமா என்று கேட்டாள். குறையவில்லை. நான் இல்லாமல் குறையவில்லை. ஒரு நல்ல மேய்ப்பனுக்கு இது சந்தோஷச் செய்தி, நான் சந்தோஷப்பட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன். பயம் எங்கேயிருக்கிறதென்று அப்போதுதான் கண்டுபிடித்தேன். குரல் போய்விடுமே என்பது அல்ல. குரல் போன பிறகும் எல்லாம் நடக்குமே, அப்படியானால் இவ்வளவு காலம் அங்கே நின்று பேசிக்கொண்டிருந்தது யார், குரலா, நானா, குரலை எடுத்துவிட்டால் அங்கிக்குள்ளே மீதி என்ன இருக்கிறது? அதனால்தான் கிருபாகரனின் இரண்டு வரி என்னை இழுக்கிறது. இரண்டு வரி சொல்லிவிட்டால் நான் இருக்கிறேன் என்று எனக்கே தெரியும். அடுத்த பாட்டில் பார்ப்போம். நிச்சயமாக அடுத்த பாட்டில்.

பிரசங்கம் முடிந்து, விண்ணப்பங்கள் உண்டா, விசேஷமாக ஜெபிக்க வேண்டியவர்கள் உண்டா என்று ஐயர் கேட்கிறார். நல்ல வழக்கம், சின்னச் சபை, செய்யலாம், எங்கள் சபையில் இப்படிக் கேட்டால் மத்தியானம் ஆகிவிடும். தவமணி எழுந்துவிட்டார். எதற்கு எழுகிறார்? "ஐயா, நம்ம கோயிலுக்கு இன்னைக்கு ஒரு சகோதரர் வந்திருக்காரு. பாவம், வாயும் பேச முடியாது, காதும் கேக்காது. ஆனா பக்தியப் பாத்தீயன்னா, பாட்டு முழுக்க வாயசைச்சுக்கிட்டே நிக்காரு. அவருக்காக சபையார் ஜெபிக்கணும்." மொத்தக் கோயிலும் திரும்பியது. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், பாடகர் குழு, ஆர்கன்காரர் எட்டிப் பார்க்கிறார். பியூலாவைப் பார்த்தேன். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குனிந்திருக்கிறாள், தோள் குலுங்குகிறது, பக்கத்திலிருக்கிற அம்மாள் அவள் அழுகிறாள் என்று முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். இப்போது சொல்லவேண்டும். ஒரு வாக்கியம் போதும், சகோதரரே, தவறாகப் புரிந்துகொண்டீர்கள், நான் ஒரு போதகர், எனக்குக் காது நன்றாகக் கேட்கும். சொல்லலாம், தொண்டை தயாராக இருக்கிறது, கௌரவத்துக்காக அது எப்போதும் தயார். வாயைத் திறந்தேன். அதற்குள் தவமணியின் கை என் தொண்டையில் வந்து உட்கார்ந்துவிட்டது. கனமான கை, சில்லறையும் கைப்பிடிக் கம்பியுமாகத் தடித்த கை, சட்டைக் காலருக்கு மேல், காய்ப்புக்கு நேர் மேலே, அதன் சூட்டோடு. திறந்த வாயை மூடிக்கொண்டேன். முன்னாலிருந்தவர் என் தோளில் ஒரு கை வைத்தார். ஐயர் தொடங்கினார். நான் திருத்துவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், சொன்ன சொல்லே எங்கே திரும்ப வருகிறது, எங்கே நீளுகிறது என்று பார்க்க. ஆண்டவரே, இவர் பெயர் எங்களுக்குத் தெரியாது, எந்த ஊர் என்றும் தெரியாது, எவ்வளவு காலமாக இந்தப் பாரத்தைச் சுமக்கிறார் என்றும் தெரியாது, களைத்திருப்பார் ஐயா என்றார். அவ்வளவுதான். களைத்திருப்பார் ஐயா. பிறகு என்ன சொன்னாரென்று நான் கேட்கவில்லை. எனக்காக யாரும் கடைசியாக ஜெபித்தது எப்போது? எங்கள் குருவானவர் அவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு வரி உண்டு, நோட்டீசில் தலைமை என்று போடுகிற மாதிரி. அதில் யாருக்கும் நான் களைத்திருப்பேன் என்று தோன்றினதில்லை, எனக்கும் தோன்றினதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைப் பார்த்துத் தவமணியின் கை இன்னும் கொஞ்சம் அழுந்தியது. தவறான தகவலின்பேரில் செய்யப்பட்ட ஜெபம் செல்லுபடியாகுமா? வேதசாஸ்திரக் கேள்வி. வேதத்தில், அண்ணன் மாதிரி ஆட்டுத்தோலைக் கையில் கட்டிக்கொண்டு கண் தெரியாத தகப்பனிடம் ஆசீர்வாதம் வாங்கினவன் ஒருவன் இருக்கிறான், அது செல்லுபடியாயிற்று, தகப்பன் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கிழவருக்குக் குரலில்தான் சந்தேகம் வந்தது. எனக்கு அந்த அபாயமும் இல்லை.

பாட்டு. நான் காத்திருந்த பாட்டு, எனக்குப் பிடித்த பாட்டும்கூட, மூன்றாவது அடியில் குரல் ஏறி நிற்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அங்கே விட்டால் யாருக்கும் கேட்காது. எழுந்து நின்றேன், மூச்சை இழுத்தேன், பக்கத்தில் பார்த்தேன். தவமணி பாடவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முன் வரிசைக்காரர் அரைவாசி திரும்பி என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாடகர் குழுவில் ஒரு பெண், புத்தகத்துக்கு மேலாக. சபை முழுதும் பாடிக்கொண்டே ஒரு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. விஷயம் அப்போதுதான் விளங்கியது. இப்போது நான் ஒரு சின்ன ஓசை விட்டால்கூட அது அற்புதம். ஊமை பேசினான். செவிடன் கேட்டான். தவமணி என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பீடத்துக்கு ஓடுவார், ஐயர் சாட்சி சொல்லச் சொல்வார், அடுத்த வாரம் சுற்றுவட்டாரத்திலிருந்து நோயாளிகளை வண்டி பிடித்துக் கொண்டுவருவார்கள், பேராயத்துக்குச் செய்தி போகும், அற்புதம் பெற்றவர் வேறொரு சேகரத்துப் போதகரே என்பது தெரியவரும். பொய் சாட்சிக்கு விரோதமாக நானே வருஷத்துக்கொரு முறை பிரசங்கிக்கிறேன். சிக்கிக்கொண்டேன். டாக்டரும் பியூலாவும் சேர்ந்து செய்யமுடியாததை ஒரு கண்டக்டரின் தவறான கணிப்பு செய்துவிட்டது, இனி இந்தக் கோயிலுக்குள் என்னால் இருமக்கூட முடியாது. மூச்சை மெல்ல வெளியே விட்டேன். விட்ட பிறகு பாட்டு கேட்டது. இதற்கு முன் கேட்டதில்லை என்று சொல்வது வினோதம், ஆயிரம் தடவை பாடியிருக்கிறேன், ஆனால் எப்போதும் என் குரல் முன்னால், மற்றவர்கள் அதற்குப் பின்னால். இப்போது தவமணி பாடத் தொடங்கியிருந்தார், சுருதி எங்கோ, அவர் எங்கோ. பெண்கள் பக்கத்திலிருந்து பியூலாவின் குரல் தனியாகத் தெரிந்தது, மெல்லிய குரல், கொஞ்சம் பின்தங்கி வருகிறது. அவள் இரண்டாம் குரல் பாடுகிறாள். கல்யாணமான நாளிலிருந்து நான் பீடத்தில், அவள் முன் பெஞ்சில், அவள் இரண்டாம் குரல் பாடுவாளென்று எனக்குத் தெரியாது. மூன்றாவது அடி வந்தது, ஏறி நிற்கவேண்டிய இடம் வந்தது, நான் இல்லாமல் ஏறி நின்றது, இறங்கியது. ஒன்றும் விழுந்துவிடவில்லை. எனக்கும் வலிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். உட்கார்ந்தோம். அறிவிப்புகள் தொடங்கின. பெண்கள் ஐக்கியம் செவ்வாய்க்கிழமை கூடும், வாலிபர் சங்கம் மைதானத்தைச் சுத்தம் செய்யும், கிணற்று மோட்டார் பழுது பார்க்கப்பட்டுவிட்டது, அறிவிப்புகளின்போது தூங்குகிறவர்களைப் பற்றி நான் ஒருமுறை, காற்று நன்றாக வருகிறது இங்கே, ஒருமுறை என்ன சொன்னேன் என்றால், செவ்வாய்க்கிழமை, மோட்டார், அப்புறம்

யாரோ என் பெயரில்லாமல் என்னைக் கூப்பிடுகிறார்கள். "என்னங்க." பியூலா. கோயில் காலியாக இருக்கிறது. விசிறி ஒன்று மட்டும் எனக்காக ஓடுகிறது. என் கன்னம் கட்டம் போட்ட சட்டையின் மேல் இருக்கிறது, சட்டைக்குள் தவமணி, சாமான் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பயணம் போகிறவர் மாதிரி அசையாமல், முகத்தில் பெரிய கலவரத்தோடு. "அண்ணாச்சி எழுப்பவே விடல. ஆசீர்வாதம்கூட உக்காந்துக்கிட்டேதான் வாங்கினாங்க" என்றாள். ஆசீர்வாதத்தின்போது நான் தூங்கியிருக்கிறேன். எழுந்து உட்கார்ந்தேன், உடம்பு எங்கேயோ போய்க் குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. தவமணி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். "ஐயா, இப்பத்தான் அம்மா சொன்னாவ. நீங்க ஐயருன்னு. காது கேக்கும்னும் சொன்னாவ. நான் என்னெல்லாமோ பேசிட்டேன் ஐயா. வண்டி, ஸ்டாப்பு. நம்ம ஐயருகிட்டச் சொல்லிராதீய." பியூலா, "அவரு எங்க அண்ணாச்சி சொல்லப் போறாரு" என்றாள், மூவரும் சிரித்தோம், நான் என் பங்கைச் சத்தமில்லாமல் சிரித்தேன், அது மற்ற சிரிப்பைவிட நேரம் பிடித்தது. பிறகு அவள் போனை எடுத்தாள். அவள் குரல் மாறியது. "கிருபாகரன் சார் ரெண்டு தடவ கூப்பிட்டுட்டார். என்ன சொல்லட்டும்?" இல்லை என்று தலையை அசைத்தேன். "ரெண்டு வரிகூடவா?" இல்லை. "உங்களுக்கு வருத்தம் ஒண்ணும்..." கொஞ்சம் இருந்தது, விரலைக் குறுக்கி எவ்வளவு என்று காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு போனில் பேசினாள், வரமாட்டாங்க சார், இல்ல சார், நல்லாத்தான் இருக்காங்க, ஆமா, ஓய்வுல இருக்காங்க, பக்கத்துச் சேகரத்து ஐயரையே ஆசீர்வாதம் கூறச் சொல்லுங்க, சோறு இறங்கும் சார். முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அப்பம் வாரேன் ஐயா" என்று தவமணி எழுந்தார், வாசல் பக்கம் போனார், திரும்பி வந்தார். "ஐயா, ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அதற்குள் துண்டு கக்கத்துக்குப் போயிருந்தது, தலை குனிந்திருந்தது, போதகரைக் கண்டால் குனிந்து பழகின தலை. அப்படியே குனிந்தபடி, "மவன் எங்கிட்ட பேசுததில்ல ஐயா. ஒரே வீட்லதான் இருக்கான். பேசுததில்ல. அதுக்கு" என்றார். அவ்வளவு நேரம் பேசின மனிதர் அதோடு தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார். நான் கையை எடுத்து அவர் தலைமேல் வைத்தேன். வார்த்தைகள் வரிசையில் வந்து நின்றன, குடும்ப சமாதானத்துக்கு என்று நான் வைத்திருக்கிற வார்த்தைகள், நல்ல வார்த்தைகள்தான். ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. அவர் தலை சூடாக இருந்தது, எண்ணெய் உள்ளங்கையில் ஒட்டியது, மண்டைக்குள் ஏதோ ஒரு நரம்பு துடிப்பது கைக்குத் தெரிந்தது. அவன் பேசட்டும். இவரிடம் அவன் பேசட்டும், என்ன வேண்டுமானாலும், சண்டையாகவாவது. இது என்னுடைய வாக்கியமாக இருந்தது, மைக் இல்லை அதில். அப்போதுதான் சிக்கல் புரிந்தது. எங்கள் ஜெபங்களுக்கு ஆமென் என்ற சொல்தான் முடிவு. அதைக் கேட்கும்வரை தவமணி கண்ணைத் திறக்கமாட்டார். பியூலாவும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள், பழக்கத்தில் எனக்காகக் காத்திருக்கிறாள். சொல்லவேண்டிய ஆளோ நான். வெளியே ஒரு பஸ் ஒலியெழுப்பிக்கொண்டு போயிற்று, யாரும் அசையவில்லை. தவமணியின் மூச்சு மெல்ல நிதானமாகிக்கொண்டு வந்தது. எனக்கும்தான். முடிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களில் யாருக்காவது தோன்றினால் சொல்லட்டும்.